மலை இல்லாத ஊரில் என்ன சைக்கிள் ஓட்டம்?

5 யூலை 2025, இரவு 10.40
(விசுவமடுவில் இருந்து ஒரு தம்பியின் கேள்வி)

அண்ணை, இண்டைக்கு டூர் டி பிரான்ஸ் தொடங்கிட்டுது. முதல் நாள் சும்மா தட்டை ஸ்ரேஜ். நித்திரைதான் வந்தது, பாதியில நிப்பாட்டிட்டன். உண்மையான ஓட்டம் மலையிலதானே? அதாலதான் சொல்லுறன், எங்கட வன்னியில ரோட் சைக்கிளிங் எண்டு ஒண்டு வராது. பரந்தனில இருந்து முல்லைத்தீவு மட்டும் ஒரு ஏத்தம் காட்டுங்கோ பாப்பம். மலைநாட்டுப் பெடியளோட நாங்கள் எப்பிடிப் போட்டி போடுறது? ரேசிங் சைக்கிள் ஒண்டுக்குக் காசு சேர்க்கிறன். வாங்கிறதா, விடுறதா?

6 யூலை, விடிய 4.50

தம்பி, நீர் பாதியில் நிப்பாட்டினதால் நேற்றைய ஓட்டத்தையே தவறவிட்டுவிட்டீர். லில் நகரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்த அந்த ஸ்ரேஜில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லைத்தான். ஆனால் கடைசி இருபது கிலோமீற்றர் அளவில் பக்கக்காற்று பிடித்த இடத்தில் விஸ்மா அணி முன்னுக்கு வந்து இழுத்த இழுவையில் கூட்டம் அறுந்தது. டூரை முன்பு வென்ற போகாச்சரும் விங்ககோரும் முன் துண்டில். ரெம்கோ எவனபூலும் பிரிமோஸ் ரோக்லிச்சும் பின் துண்டில். பிலிப்சன் வென்று, மொத்தக் கணக்கில் முதலிடத்தில் நிற்பவருக்குரிய மஞ்சள் மேற்சட்டை போட்டார். பின்னுக்கு அகப்பட்டவர்களுக்கு 39 செக்கன் போய்விட்டது. எவனபூல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் எடுத்தவர், ரோக்லிச் ஸ்பெயின் வுவெல்ற்றாவை நாலு தரம் வென்றவர். அப்படிப்பட்ட ஆட்களுக்கே முதல் நாள் கணக்கில் விழுந்த ஓட்டை வயல்வெளியில் விழுந்தது.

சைக்கிளை வாங்கும். மிச்சம் பின்னேரம். வெயில் ஏற முதல் வெளிக்கிட வேண்டும்.

6 யூலை, பின்னேரம்

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு, திரும்பி வீடு. போகும்போது சோளகம் (தென்மேற்குக் காற்று) முதுகில் கை வைத்துத் தள்ளியது. பெரிதாக உழக்காமலே மீற்றர் 34, 35 காட்டியது. திரும்பி வரும்போது தருமபுரம் தாண்டி முரசுமோட்டை வயல்வெளிக்கு வந்ததும் 19. அதே கால், அதே சைக்கிள், அதே தார்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் கணக்குப் போட்டேன். நான் தண்ணிப் பம்பி திருத்துகிறவன், தடை, அழுத்தம், குதிரைவலு எல்லாம் தினமும் கையில் படுகிற சாமான்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவனுக்கு எதிர்க்காற்று 20 வீசினால், அவன் நெஞ்சில் படுவது 40 கிலோமீற்றர் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கப்படி கூடும். ஆகவே நாலு மடங்கு. அந்த மேலதிகச் சுமையை ஏற்றமாக மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட 3 வீத ஏற்றம் வருகிறது. காற்று 30 என்றால் 5 வீதத்துக்குக் கிட்ட.

புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தன் முப்பது கிலோமீற்றருக்கு மேல். முப்பது கிலோமீற்றர் ஏற்றம், நடுவில் ஒரு இறக்கம்கூட இல்லாமல்! மலை ஏறினவனுக்கு உச்சியில் ஒரு மறுபக்கம் இருக்கும், உழக்காமல் கீழே வரலாம். சோளகத்துக்கு மறுபக்கம் இல்லை. உழக்குவதை நிப்பாட்டினால் சைக்கிள் நின்றுவிடும்.

நீர் கேட்ட ஏற்றம் இதுதான். வைகாசியில் தொடங்கி புரட்டாதி மட்டும் ஒவ்வொரு நாளும் உமது வீட்டு வாசலில் நிற்கிறது.

7 யூலை, இரவு

இன்று பூநகரிப் பக்கம் ஒரு பம்பி பார்க்கப் போய்விட்டு மோட்டச்சைக்கிளில் வரும்போது கண்டதை எழுதாமல் நித்திரை வராது.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். பரந்தன் பக்கமாக நாலு பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், கரியரில் புத்தகப்பை. காற்று அவர்களுக்கு வலப்பக்கத்தால் வருகிறது. எல்லாரிலும் வளர்ந்த பிள்ளை வலப்பக்கம், வீதியின் நடுவுக்குக் கிட்ட. அவளுக்கு அரைச் சில்லு பின்னால் இடப்பக்கமாக இரண்டாவது பிள்ளை. அதற்கும் அரைச் சில்லு பின்னால் மூன்றாவது. கடைசியில், தார் முடிகிற ஓரத்தில், ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கும் சின்னது. அதன் சட்டை மட்டும் படபடக்கவில்லை. மற்ற மூவரின் சட்டையும் கொடி மாதிரி அடிக்கிறது.

மோட்டச்சைக்கிளை மெதுவாக்கி அவர்களுக்குப் பின்னாலேயே வந்தேன். கொஞ்சத் தூரத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் களைத்துவிட்டது. பெல்லை ஒருக்கா அடித்தாள். இரண்டாவது பிள்ளை ஒன்றும் சொல்லாமல் முன்னுக்குப் போனாள், பெரியவள் வலப்பக்கத்தாலேயே வழுகிப் பின்னுக்கு வந்தாள். சின்னது தன் இடத்திலேயே நின்றது. அதை ஒருவரும் காற்றுக்கு விடவில்லை.

பெல்ஜியத்தில் பெரிய அணிகள் வருடக்கணக்காகப் பழகுகிற வித்தை இது. இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தினமும் அடிக்கிற காற்று சொல்லிக்கொடுத்திருக்கிறது.

8 யூலை

அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில வர்ணனையில் எஷலோன் என்பார்கள். டச்சுக்காரர் வாயர் என்பார்கள், ஸ்பானியர் அபானிகோ, பிரெஞ்சில் எவான்டாய் என்றும் சொல்வதுண்டு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: விசிறி. மேலே இருந்து பார்த்தால் பிரித்த ஓலை விசிறி மாதிரித்தான் இருக்கும். இனி இங்கே விசிறி என்றே எழுதுகிறேன்.

10 யூலை

முள்ளியவளையில் இருந்து ஒரு ஐயா என் கணக்கைத் திருத்தியிருக்கிறார். சோளகம் தென்மேற்கால் வருகிறது, புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தனுக்கு வீதி மேற்கும் வடக்குமாகப் போகிறது, பிறகு எப்படி அது நேர் எதிர்க்காற்று ஆகும் என்று கேட்கிறார். சரி ஐயா, பிழைதான். இடது முன்பக்கத்தால் வருகிற காற்று அது. ஆகவே 3 வீதம் என்று எழுதினதைக் கொஞ்சம் குறைத்துப் படியுங்கள்.

அவர் எழுதின இன்னொன்றை அப்படியே தருகிறேன்: "பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல்லு மூட்டை கட்டிக்கொண்டு சோளகத்துக்கு எதிரே வந்தனாங்கள். மூட்டையைக் கரியருக்கு மேலே உயர்த்திக் கட்டினால் காற்றுப் பிடித்து ஆளையே பிரட்டிப்போடும். இரண்டு பக்கமும் சில்லோடு ஒட்டப் பதித்துக் கட்டவேணும். தம்பிமார் இப்ப குனிஞ்சு ஓடுறது அதே காரணத்துக்குத்தான்."

காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சைக்கிள் செய்கிறவர்கள் சொல்வதும் இதுதான் ஐயா. காற்றுக்குக் காட்டுகிற முகத்தைச் சின்னதாக்கு.

12 யூலை, காலை 9 மணி

இன்று நாலு பேர் ஆனையிறவுக்குப் போனோம். கேள்வி கேட்ட தம்பியும் வந்திருந்தார், அவருடைய மாமாவின் பழைய லுமாலா சைக்கிளில். பரந்தன் சந்தியில் 5 மணிக்குக் கூடி வடக்கே உழக்கினோம்.

ஆனையிறவு தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் மரமில்லை, வீடில்லை. இடப்பக்கம் கடல்நீரேரி, அதற்கு மேலால் சோளகம் தடையில்லாமல் வருகிறது. பளையில் காற்றாலைகளை ஏன் நட்டார்கள் என்று கேட்பவரை இந்த இடத்தில் சைக்கிளில் ஏற்றிவிட்டால் போதும். விசிறி பழகலாம் என்றேன். நான் முன்னுக்கு, இடது ஓரத்தோடு. தம்பி எனக்கு வலப்பக்கம் அரைச் சில்லு பின்னால். "முன்னுக்கு நிற்கிறவன் களைத்தால் காற்று மறைகிற பக்கமாக விலகிப் பின்னுக்கு வரவேணும்" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

என் முறை முடிந்தது. வலப்பக்கம் விலகினேன். என் பின்சில்லு தம்பியின் முன்சில்லில் தட்டியது. தார் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. திரும்பிப் பார்க்கும்போது தம்பி வீதியில் கிடக்கிறார். பின்னால் வாகனம் ஒன்றும் வராதது அவருடைய தாயின் புண்ணியம். இந்த வீதியில் மணல் டிப்பர் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல ஏலாது.

முழங்கை உரிந்து, ஹாண்டில் திரும்பிப் போயிருந்தது. முன்சில்லை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து ஹாண்டிலை நிமிர்த்தினோம். தம்பி சிரித்துக்கொண்டு ஏறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் வழி முழுக்க என்ன பிழை விட்டேன் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

13 யூலை, மத்தியானம்

திருத்தம். நேற்று நான் சொல்லிக்கொடுத்தது தலைகீழ். விலக வேண்டியது காற்று வருகிற பக்கமாக. காற்று மறைகிற பக்கத்தில்தான் பின்னால் வருகிறவனின் முன்சில்லு நிற்கிறது. அந்தப் பக்கம் விலகினால் முட்டாமல் தப்ப வழியே இல்லை. காற்று வருகிற பக்கம் விலகினால் பின்னுக்கு வருகிற ஆளே மற்றவர்களுக்கு இன்னொரு மறைப்பாகவும் ஆகிறார். பரந்தன் வீதியில் அந்த வளர்ந்த பிள்ளை வலப்பக்கத்தால் வழுகி வந்ததை என் கண்ணால் பார்த்து, என் கையால் இங்கே எழுதியும், ஐந்து நாளில் மறந்திருக்கிறேன். தம்பியின் முழங்கைக்குப் பொறுப்பு நான்தான்.

இன்னொன்று. காற்று இடப்பக்கத்தால் வரும்போது முன்னுக்கு நிற்கிறவர் தார் ஓரத்தோடு ஒட்டி ஓடக்கூடாது. விலகுவதற்கு ஒரு சைக்கிள் அகல இடம் விட்டுத்தான் ஓடவேண்டும். அப்போது விசிறி வீதியின் நடுவை நோக்கி விரியும். நாங்கள் வாகனம் ஓடுகிற திறந்த வீதியில் ஓடுகிறோம், டூர் மாதிரி மூடின வீதியில் அல்ல. ஆகவே மூன்று பேருக்கு மேல் விரிக்க வேண்டாம். மிச்சப் பேர் பின்னால் இன்னொரு மூன்று பேராகச் சேர்ந்து புது விசிறி போடவேண்டும். போட்டியிலும் இதுதான் நடக்கிறது. வீதி அகலத்துக்கு மேல் விசிறி விரிய ஏலாது. இடம் கிடைக்காதவன் ஓரத்தில் தனிவரிசையில் காற்றை முழுசாக வாங்கி, கடைசியில் அறுந்து போகிறான். கெட்டிக்காரன் அறுந்த இடத்திலேயே இரண்டாவது விசிறியைத் தொடங்கிவிடுவான். முன்னால் போகிற வரிசையில் தொங்கிக்கொண்டே இருந்து சாகிறவர்கள்தான் அதிகம்.

13 யூலை, இரவு

இன்றைய ஸ்ரேஜைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்! ஷினோனில் இருந்து ஷட்டோரூ, 174 கிலோமீற்றர், தட்டை. தம்பியின் பாஷையில் நித்திரை ஸ்ரேஜ். கொடி விழுந்தவுடனே மத்தியூ வான் டெர் பூலும் அவருடைய அணித்தோழர் ஜொனாஸ் ரிக்கார்ட்டும் புறப்பட்டுவிட்டார்கள். இரண்டே பேர். பின்னால் முழுக் கூட்டமும் துரத்துகிறது. ரிக்கார்ட்டுக்கு வாழ்க்கையில் ஒருதரம் டூர் மேடையில் ஏறவேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் வான் டெர் பூல் கூடப் போயிருக்கிறார். ரிக்கார்ட் கடைசிக் கிலோமீற்றர்களில் களைத்துப் பின்தங்கினார், வான் டெர் பூல் தனியே. கோடு தெரிகிற தூரத்தில், ஒரு கிலோமீற்றரும் இல்லாத இடத்தில் கூட்டம் விழுங்கிவிட்டது. மேர்லியர் வென்றார். நாள் முழுக்கச் சராசரி வேகம் மணிக்கு 50.

அன்றைக்குத் துணிந்து ஓடினவருக்கான போராளி விருதை ரிக்கார்ட்டுக்குக் கொடுத்தார்கள். மேடையில் ஏறினார். எங்கள் நேரம் இரவு ஒன்பது தாண்டியிருக்கும், குப்பி விளக்கு வெளிச்சம் அளவு போன் திரையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தனியே திண்ணையில் இருந்து கைதட்டினேன்.

18 யூலை

தம்பி கேட்கிறார்: "அண்ணை, நேற்று ஓட்டக்காம் மலையில விங்ககோருக்கே 2 நிமிசம் 10 செக்கன் விழுந்திட்டுது. 39 செக்கன் எங்க, இது எங்க?"

ஒத்துக்கொள்கிறேன். மூன்று கிழமை ஓட்டத்தை முடிவாக்குவது மலைதான். அதற்கு முதல் நாள் துலூசில் விழுந்து எழும்பின போகாச்சர், அடுத்த நாள் அப்படி ஏறினால் யார் என்ன செய்ய ஏலும்?

காற்றும் மலையும் ஒன்று என்று நான் எழுதின மாதிரி இருந்தால் அதையும் திருத்த வேண்டும். மலையில் உம்முடைய எடைக்கு எவ்வளவு வலு என்பதுதான் கணக்கு. 55 கிலோ ஆள் மலையில் ராசா. காற்றில் எடை பெரிதாகக் கணக்கில் வராது. மொத்த வலு எவ்வளவு, காற்றுக்கு எவ்வளவு முகம் காட்டுகிறாய், அவ்வளவுதான். அதனால் மெலிந்த பெடியனைச் சோளகம் அதிகம் வருத்தும். நுவரெலியாவில் அவன் பறப்பான். தம்பி, நீர் மெலிந்த ஆள். ஒருவேளை நீர் பிறக்கவேண்டிய இடத்தில் பிறக்காமல் இருக்கலாம், ஆனால் மெலிந்தவன்தான் மறைந்து ஓடுகிற வித்தையைச் சீக்கிரம் பழகவேண்டும். பழகினால் மற்றவர்களின் முதுகில் பயணம் செய்யலாம்.

ஏற்றம் இல்லாமல் ஏற்றம் பழக எங்களுக்கு இரணைமடுக் குளக்கட்டுச் சரிவும் சங்குப்பிட்டிப் பாலமும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நிமிசம் காணாது.

20 யூலை

சின்னக் குறிப்பு. நகரத்தில் ஒரு கடையில் வாங்கின ரியூப் மூன்றாம் நாளே வால்வ் அடியில் கிழிந்தது. பழைய சரக்கு. ரியூப் வாங்கும்போது இழுத்துப் பாருங்கள், ரப்பரில் கோடு கோடாக வெடிப்புத் தெரிந்தால் வேண்டாம். எப்போதும் இரண்டு கொண்டுபோங்கள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவில் காற்றுப் போனால் ஒட்டுப்போட ஆள் இல்லை.

28 யூலை

டூர் முடிந்தது. போகாச்சருக்கு நாலாவது. 2020, 2021, 2024, இப்போது 2025. விங்ககோர் 4 நிமிசம் 24 செக்கன் பின்னால், மூன்றாவது ஜெர்மன்காரப் பெடியன் லிப்போவிட்ஸ்.

கடைசி நாளை வழக்கமாக நான் அரைக்கண்ணால்தான் பார்ப்பது. இம்முறை மொன்மார்த்ர் மேட்டில் மூன்று தரம் ஏற்றினார்கள், அதுவும் மழையில். பாரிசில் இருக்கும் என் மாமாவுக்கு அது வீட்டுக்குப் பக்கத்து மேடு. லாசப்பலில் சாமான் வாங்கப் போனவர், மரக்கறிப் பையோடேயே நடந்து போய் வேலி ஓரத்தில் நின்றிருக்கிறார். முப்பது வருசம் பாரிசில் இருந்தும் டூரை நேரில் பார்த்தது இதுதான் முதல் தரம். போனில் சொன்னார்: "தம்பி, சத்தம்தான் முதல் வரும். சனத்தின்ர சத்தம் கீழ இருந்து மேல ஏறி வரும். பிறகு ஒரு நிமிசமும் இல்லை, எல்லாரும் போயிடுவாங்கள். ஆனா அந்த வான் ஆர்ட் கடைசித் தரம் ஏறேக்க தனிய வந்தான். முகம் முழுக்கச் சேறு. முருங்கைக்காய்க் கட்டை உயர்த்திப் பிடிச்சுக் கத்தினன்."

வூட் வான் ஆர்ட் அங்கேதான் போகாச்சரைக் கழற்றிவிட்டு வென்றார். எங்கள் முருங்கைக்காய்க்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்று மாமா நம்புகிறார். நானும் நம்புகிறேன்.

4 ஓகஸ்ட்

பெண்கள் டூரைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று அக்காவின் மகள் சண்டை பிடித்தாள். பதினாறு வயது. அவள் கேட்டது நியாயம்.

நேற்று பவுலின் பெராண்ட்-பிரிவோ வென்றார். 2022 இல் இந்த ஓட்டம் புதிதாகத் தொடங்கின பிறகு வென்ற முதல் பிரெஞ்சுப் பெண். போன வருசம் பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளில் தங்கம் எடுத்துவிட்டு, அதன்பிறகு றோட்டுக்குத் திரும்பி வந்தவர். மட்லேன் மலையில் மஞ்சளை எடுத்து, அடுத்த நாள் மஞ்சளோடேயே வென்று முடித்தார். போன வருச டூரில் நியேவியாதோமா வெறும் 4 செக்கனில் வென்றாரே, அதையும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். எட்டு ஸ்ரேஜ் ஓடி 4 செக்கன் என்றால் ஆண்கள் ஓட்டத்தில் இப்படி ஒன்று வந்ததுண்டா என்று கேட்டாள். 1989 இல் லெமொண்ட் 8 செக்கனில் வென்றார் என்றேன். "அப்ப பொம்பிளையளின்ரதுதான் இறுக்கம்" என்றாள். பதில் இல்லை.

இவள் இனி எங்களோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அக்காவிடம் அனுமதி கேட்டது நான். "வாகனத்தைப் பார்த்து ஓடச் சொல்லு, வெயிலுக்கு முதல் கொண்டுவந்து விடு" என்று மட்டும் சொன்னாள்.

17 ஓகஸ்ட்

சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டது. வீதி ஓரம் நெல் காயப்போட்டிருக்கிறார்கள். இன்று வட்டக்கச்சிப் பக்கம் ஒரு வளைவில் அரை வீதிக்கு நெல். புதிதாக வந்த ஒரு பெடியன் அதன் மேலால் ஓடப் போனான், எல்லாரும் ஒரே நேரத்தில் "டேய்!" என்று கத்தினோம். இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் நடந்தான். நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா எல்லாருக்கும் செம்பில் தண்ணி தந்தார். ரயரில் ஒட்டின நாலைந்து நெல்மணியை அந்தப் பெடியன் விரலால் எடுத்துத் திரும்பக் குவியலில் போட்டான்.

ரயர் பற்றிக் கேட்டவர்களுக்கு: 23 மில்லிமீற்றர் அகலம் வேண்டாம், 28 போடுங்கள். கல்லுமாதிரிக் காற்றடித்தால் வேகம் வரும் என்று நானும் நம்பியிருந்தவன். பெரிய ஓட்டக்காரர்களே இப்போது அகல ரயரும் குறைந்த காற்றும்தான். பாரிஸ்-ரூபே ஓட்டத்தின் கல்லு வீதிக்கு 32 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் போடுகிறார்கள். எங்கள் உள்வீதிக் கிறவலைப் பார்த்தால் ரூபேக்காரருக்கே யோசனை வரும்.

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு: மணித்தியாலத்துக்கு ஒரு பெரிய துண்டுப் பனங்கட்டி, ஒரு கதலி. போத்தலில் ஜீவனி. முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

31 ஓகஸ்ட், இரவு

ஏன் இரவு ஒன்பது மணிக்கு இந்த ஓட்டங்களுக்காக விழித்திருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி கிடைக்காது. தாத்தா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் கொடுப்பார். பெடலைச் சுற்றுகிற வேலை எனக்கு. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. ஊரில் ஏழெட்டுப் பேர் முற்றத்தில் வந்து குந்தியிருப்பார்கள். கை களைத்து வேகம் குறைந்தால் குரல் மங்கும். "சுத்து ராசா, சுத்து" என்று இருட்டுக்குள் இருந்து ஒரு குரல் வரும். ஒரே சீராகச் சுற்றினால்தான் செய்தி தெளிவாகக் கேட்கும். வேகமாகத் தொடங்கிக் களைப்பதைவிட மெதுவாகத் தொடங்கிக் கடைசி வரை அதே வேகத்தில் சுற்றவேண்டும் என்பதை எட்டு வயதில் கையால் பழகினேன். இன்றைக்குக் காற்றுக்கு எதிரே ஓடும்போது என் கால் சுற்றுவது அந்தச் சுற்றுத்தான்.

அப்பாவின் சைக்கிளும் எழுதவேண்டும். கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அப்பா அதை உருட்டிக்கொண்டு வந்தார். ஓட ஏலாது, அவ்வளவு சாமான். பாரில் தங்கச்சி. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் அதைச் சாய்த்துவிட்டு வந்தோம். அங்கே நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள் கிடந்தன. அப்பா ஸ்ராண்ட் போட்டு, பூட்டி, திறப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தத் திறப்பு இன்னும் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிற வீதி அதுதான். பலர் கேட்டிருக்கிறீர்கள், அந்த வீதியில் எப்படிச் சந்தோசமாக ஓடுகிறாய் என்று. சந்தோசமாகத்தான் ஓடுகிறேன். உருட்டிக்கொண்டு போன வீதியில் ஓடிக்கொண்டு போகிறேன்.

2 செப்டெம்பர்

முந்தின குறிப்புக்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். நன்றி. தொடர்ந்து எழுத இப்போது ஏலாது.

29 செப்டெம்பர்

நேற்றைய உலகச் சம்பியன் ஓட்டம் ருவாண்டாவின் கிகாலியில். ஆபிரிக்காவில் இதுதான் முதல் தரம். ஒரு தட்டை அடியும் இல்லாத நகரம். போகாச்சர் நூறு கிலோமீற்றருக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே பாய்ந்தார், கூட வந்தவர்களையும் பிறகு கழற்றிவிட்டார், அதன்பிறகு யாராலும் பிடிக்க ஏலவில்லை. எவனபூல் இரண்டாவது. பெண்களில் கனடாவின் மக்டலேன் வலியேர், யாரும் எதிர்பாராத ஆள். கனடாவில் இருந்து இந்த இழையை வாசிக்கும் அண்ணைமாருக்கு ஒரு செய்தி: அடுத்த வருச உலக ஓட்டம் மொன்றியலில். நீங்கள் போகாவிட்டால் நான் பேசமாட்டேன்.

நான் அதிகம் பார்த்தது ஓட்டக்காரரை இல்லை, ஓரத்தில் நின்ற சனத்தை. சுவரில், மரத்தில், கூரையில் சனம். 1994 இல் அந்த நாட்டில் நடந்தது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த வீதிகளில் பிள்ளைகள் சைக்கிளைப் பார்த்துத் துள்ளுகிறார்கள்.

இன்னொருவரையும் நினைத்தேன். எரித்திரியாவின் பினியம் கிர்மாய். முப்பது வருசம் போர் நடந்த நாடு, இத்தாலிக்காரர் விட்டுப்போன சைக்கிள் பழக்கத்தைப் போருக்குள்ளாலும் கைவிடாத சனம். அங்கே அஸ்மாராவில் பிறந்த பெடியன் 2022 இல் கென்ட்-வேவல்ஹெம் வென்றான். பெல்ஜியத்தின் காற்றுக்குப் பெயர் போன ஓட்டம் அது, 2015 இல் கெரெய்ன்ட் தோமசையே காற்றுத் தூக்கி வாய்க்காலுக்குள் போட்டது அங்கேதான். 2024 டூரில் மூன்று ஸ்ரேஜும், புள்ளிகளில் முதல்வருக்குரிய பச்சை மேற்சட்டையும் அவனுக்கு. தம்பி, அவனுக்கும் யாரோ ஒருநாள் உங்கள் ஊரில் இது வராது என்று சொல்லியிருப்பார்கள்.

5 ஒக்டோபர்

சோளகம் விழுந்துவிட்டது. இன்று ஆனையிறவில் நீரேரித் தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஏழு பேர் போனோம். தம்பி புதுச் சைக்கிளில் வந்தார், ஜப்பானில் இருந்து வந்த பழைய இரும்புச் சட்டம், பதினாலு கியர், நீல நிறம். வாங்கின கையோடு பரந்தன் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்திருக்கிறார், முன்சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசிந்த அடையாளம் இன்னும் இருந்தது.

காற்றில்லாததால் எல்லாரும் இரண்டிரண்டு பேராகக் கதைத்துக்கொண்டு ஓடினோம். திரும்பும்போது அக்காவின் மகள் முன்னுக்குப் போனாள். நான் பின்னால் வந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் காற்றே இல்லாத வீதியில் அவள் தன்னை அறியாமல் வலப்பக்கமாக நகர்ந்து ஓடுகிறாள், தம்பிக்கு இடப்பக்கம் இடம் விட்டு.

முள்ளியவளை ஐயா சொல்கிறார், ஐப்பசி கடைசியில் வாடை திரும்பும் என்று. அப்போது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில். ஆகவே வாடை தொடங்கினால் பரந்தனில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போவோம், வட்டுவாகல் மட்டும். அடுத்த ஞாயிறு 4.45, பரந்தன் சந்தி. பின்லைட் இல்லாத ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். ரியூப் இரண்டு.